போர்ட் ஆஃப் ஸ்பெயின் கார்னிவலுக்குச் செல்லத் திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிரினிடாட் தீவின் மேற்குக் கரையில், பாரியா வளைகுடாவை நோக்கி அமைந்திருக்கும் போர்ட் ஆஃப் ஸ்பெயின், 1757-ஆம் ஆண்டு முதல் அத்தீவின் தலைநகராக இருந்துவரும் துறைமுக நகரம். அங்கு ஆண்டுதோறும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்திற்கு முன் நடைபெறும் கார்னிவலுக்குச் செல்ல விரும்புவோரின் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயல்கிறேன். இறகுத் தலைப்பாகைகள் நிறைந்த கடைசி இரண்டு நாட்களின் படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்குவோர், விழாவின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகள் பலவும் அந்தக் கருத்திலிருந்தே எழுந்தவை.

கார்னிவல் எந்தத் தேதியில் வருகிறது? எத்தனை நாட்கள் ஒதுக்க வேண்டும்?

ஈஸ்டர் எந்த நாளில் வருகிறதோ அதைப் பொறுத்தே கார்னிவலும் அமைகிறது. ஈஸ்டருக்கு 46 நாட்களுக்கு முன் வரும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயுமே கார்னிவல் நாட்கள். அந்தக் கணக்கின்படி 2027-இல் பிப்ரவரி 8, 9 ஆகிய நாட்களிலும், 2028-இல் பிப்ரவரி 28, 29 ஆகிய நாட்களிலும் விழா வரும். இவ்விரு நாட்களும் சட்டப்படி அரசு விடுமுறைகள் அல்ல. ஆனாலும் கடை, வங்கி, அலுவலகம் எல்லாமே மூடிக் கிடக்கும் என்பதால், பணம் மாற்றுவது, மருந்து வாங்குவது போன்ற வேலைகளை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு விழாக்காலம் தொடங்கிவிடுகிறது. இரண்டு மாதம் தங்க யாராலும் இயலாது. ஆனால் கார்னிவல் திங்களுக்கு முந்தைய புதன்கிழமையாவது நகரில் இருக்குமாறு திட்டமிடுங்கள். புதன், வியாழன் இரவுகளில் எஃகு மேளக் குழுக்களின் கடைசி ஒத்திகை, வெள்ளி விடியலில் கேம்பூலே, சனிக்கிழமை எஃகு மேளக் குழுக்களுக்கான பனோரமாவின் இறுதிப் போட்டி, ஞாயிறு இரவு டிமாஞ் கிரா என்ற மேடை நிகழ்ச்சி, திங்கள் அதிகாலை ஜுவே, பின்னர் செவ்வாய் நள்ளிரவு வரை தெரு ஊர்வலம் என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறது. ஒன்பது இரவுகள் தங்க முடிந்தால் நிறைவாக இருக்கும். ஆறுக்குக் கீழே குறைப்பது அவ்வளவு தொலைவு பறந்து செல்வதற்கு நியாயம் செய்வதாகாது.

இந்த விழா எப்படித் தோன்றியது? அதை அறிந்துகொள்வது அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த டிரினிடாடில் குடியேறும் கத்தோலிக்கர்களுக்கு நிலம் வழங்கப்படும் என்ற அரச ஆணை 1783-இல் வெளியானபோது, மார்டினிக், கிரெனடா முதலிய தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளுடன் வந்து குடியேறினார்கள். தவக்காலத்திற்கு முன் முகமூடி அணிந்து விருந்தாடும் வழக்கம் அவர்களோடு வந்தது. அந்த விருந்துகளில் அடிமைகளுக்கு இடமில்லை. 1797-இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினார்கள்; 1834-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு, அதன் பின்னும் பழைய முதலாளிகளிடமே வேலை செய்ய வைத்த கட்டாயப் பயிற்சிமுறை 1838-இல் முடிவுக்கு வந்தபோது, விடுதலை பெற்ற மக்கள் கார்னிவலைத் தெருவுக்குக் கொண்டுவந்து தமதாக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் நடத்திய தீப்பந்த ஊர்வலத்திற்குக் கேம்பூலே என்று பெயர். எரியும் கரும்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் அதை அணைக்க அடிமைகள் நள்ளிரவிலும் சாட்டையடியோடு ஓட்டிச் செல்லப்பட்ட நினைவை, விடுதலைக்குப் பின் அவர்களே பந்தம் ஏந்தி, கம்பு சுழற்றி, பறையடித்து நடித்துக் காட்டினார்கள். 1881-இல் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர் தம் படையுடன் இதைத் தடுக்க வந்தபோது, மக்கள் கம்புகளோடு எதிர்த்து நின்றார்கள். 1884-இல் வந்த சட்டம் பந்தங்களையும் மேளங்களையும் கட்டுப்படுத்தியது. மேளம் பறிபோனபின் மக்கள் வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கில்களைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். அதற்குத் தம்பூ பம்பூ என்று பெயர். 1930-களில் பிஸ்கட் டின்களும் வாகன உதிரிப் பாகங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. பின்னர், எண்ணெய் உற்பத்தி செய்யும் அத்தீவில் எளிதில் கிடைத்த எண்ணெய்ப் பீப்பாய்களின் அடித்தட்டைச் சம்மட்டியால் குழித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரத்தைப் பிறக்கச் செய்தார்கள். அதுவே எஃகு மேளம். உள்ளூரில் அதைப் ‘பேன்’ என்று மட்டுமே சொல்வார்கள். 1992-இல் அது நாட்டின் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆகஸ்ட் 11-ஐ உலக எஃகு மேள நாளாக அறிவித்தது.

கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அதிகாலை, பிக்காடிலித் தெருவையொட்டிய திடலில் 1881-இன் மோதல் நாடகமாக நடித்துக் காட்டப்படுகிறது. இருள் பிரியும் முன் அங்கே சென்று உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களுக்கு, செவ்வாய்க்கிழமை தெருவில் ஆடும் கூட்டம் எதைக் கொண்டாடுகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

எஃகு மேளத்தைக் கேட்பதற்கு மிகச் சிறந்த இடம் எது?

பேன்யார்டு. ஒவ்வொரு குழுவும் தன் கருவிகளை வைத்துப் பயிற்சி செய்யும் திறந்தவெளி முற்றத்திற்கு அந்தப் பெயர். ஜனவரி தொடங்கி பனோரமா இறுதிப் போட்டி வரை மாலை நேரங்களில் அங்கே பயிற்சி நடக்கும். பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஓரமாக நின்று கேட்கலாம், குழு விற்கும் பானத்தை வாங்கி அவர்களுக்கு ஆதரவளிக்கலாம். பெரிய குழுக்களில் நூறு பேருக்கு மேல் வாசிப்பார்கள். ஒலிபெருக்கி இல்லை, பெரும்பாலோர் கையில் இசைத்தாளும் இருக்காது. எட்டு நிமிடப் படைப்பை நான்கு நான்கு அடியாக மனப்பாடம் செய்து, ஒரு பகுதியை இருபது முறை திரும்ப வாசித்து, பின்னர் முழுவதையும் சேர்த்து ஒலிக்கும்போது காலடி மண் அதிர்வதை உணரலாம். இறுதிப் போட்டியைவிட இந்த ஒத்திகைகளையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இன்வேடர்ஸ், ஃபேஸ் டூ, ஆல் ஸ்டார்ஸ், ரெனிகேட்ஸ் ஆகிய புகழ்பெற்ற குழுக்களின் முற்றங்கள் எல்லாம் நகருக்குள்ளேயே உள்ளன. இன்வேடர்ஸ் முற்றம் குயின்ஸ் பார்க் ஓவல் கிரிக்கெட் மைதானத்தின் எதிரே இருப்பது நம்மவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரலாம். மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் வென்றது 1971-இல் அந்த மைதானத்தில்தான். அப்போட்டியின் இரண்டாவது இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியவர் சென்னையின் வெங்கட்ராகவன்.

வேடம் கட்டி ஆட வேண்டுமா, பார்வையாளராக நின்றால் போதுமா?

இரண்டும் இயலும். கார்னிவலில் வேடம் கட்டி ஊர்வலம் போவதை ‘மாஸ்’ என்கிறார்கள். ஒரே கருப்பொருளில் ஆடையணியும் பெருங்கூட்டத்திற்கு ‘பேண்ட்’ என்று பெயர். அது இசைக்குழுவைக் குறிப்பதன்று. பெரிய பேண்டுகள் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே தங்கள் ஆடை வடிவங்களை வெளியிட்டுப் பதிவைத் தொடங்கிவிடும். ஆடை, உணவு, பானம், பாதுகாப்பு எல்லாம் சேர்த்துப் பல நூறு அமெரிக்க டாலர் ஆகும். சில பிரிவுகளில் ஆயிரத்தையும் தாண்டும். பதிவு செய்யாதவர்கள் பேண்டின் கயிற்று வளையத்திற்குள் நுழைய இயலாது.

பார்வையாளர்கள் தெருவோரத்தில் நின்று கட்டணமின்றிப் பார்க்கலாம். நகரின் பெரிய திறந்தவெளித் திடலான குயின்ஸ் பார்க் சவானாவின் பார்வையாளர் மேடையில் அமர விரும்பினால் சீட்டு வாங்க வேண்டும். வெயிலில் நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கு அதுவே ஏற்றது. மணியும் இறகும் பதித்த இன்றைய ஆடைகளைவிட, மரபான வேடங்களைத் தேடிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். உயர்ந்த மரக்கால்களில் நடந்துவரும் மோக்கோ ஜம்பி, பெரிய விளிம்புத் தொப்பி அணிந்து வீரவசனம் பேசி வழிமறிக்கும் மிட்நைட் ராபர், தோட்ட முதலாளிகளின் மனைவிமாரைப் பகடி செய்யும் டாம் லொரேன், பாராமின் மலைக்கிராமத்திலிருந்து வாயில் தீயுமிழ்ந்தபடி வரும் நீலப் பேய்கள் ஆகியவற்றில் 19-ஆம் நூற்றாண்டின் தெரு இன்னும் உயிரோடு இருக்கிறது. பேய் வேடக்காரர்கள் காசு கேட்பது வேடத்தின் ஒரு பகுதி. படமெடுப்பவர்கள் சட்டைப்பையில் சில்லறை வைத்திருப்பது மரியாதை.

ஜுவே என்பது என்ன? வெளியூரார் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ளலாம். ‘பொழுது திறந்தது’ என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த பெயர் இது. திங்கள் அதிகாலை நான்கு மணியளவில், உடலெங்கும் சேறோ, வண்ணமோ, எண்ணெயோ, கொக்கோவோ பூசிய மக்கள் தெருவில் இறங்கி விடியும்வரை ஆடுகிறார்கள். தனியாகத் தெருவில் இறங்குவதைவிட, ஜுவே பேண்ட் ஒன்றில் முன்பதிவு செய்துகொண்டு செல்வதே பாதுகாப்பானது. செலவும் பகல் ஊர்வலத்தைவிட மிகக் குறைவு. தூக்கி எறியக்கூடிய பழைய துணி, நன்றாகக் கட்டிய பழைய காலணி, நீர்புகாத உறையில் கைப்பேசி ஆகியவை போதும். கிளம்பும் முன் தோலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் வண்ணத்தைக் கழுவுவது எளிது.

விசாவும் விமானப் பயணமும் எவ்வாறு?

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. லண்டன், ஆம்ஸ்டர்டாம், நியூயார்க், மயாமி, டொரொண்டோ, பனாமா போன்ற நகரங்கள் வழியாகப் பியார்க்கோ விமான நிலையத்தை அடையலாம். இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது இடைவழி விசா. அமெரிக்கா வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் அந்நாட்டு விசா தேவை. மற்ற நாடுகளுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. டிரினிடாடின் நுழைவு விதிகள் கடவுச்சீட்டைப் பொறுத்து மாறுபடுவதால், இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் புதுடெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்திடம் பயணத்திற்குமுன் உறுதி செய்துகொண்ட பின்னரே பணம் கட்ட வேண்டும். டொரொண்டோவில் வாழும் தமிழர்களுக்கு நேரடி விமானம் கிடைக்கிறது. கனடாக் கடவுச்சீட்டுடன் சுற்றுலா செல்ல விசாவும் தேவையில்லை. ஸ்கார்பரோவின் ரொட்டிக் கடைகளையும், 1967 முதல் அந்நகரில் நடைபெறும் கரீபிய ஊர்வலத்தையும் அறிந்தவர்களுக்கு, அவற்றின் ஊற்றுக்கண்ணைப் பார்க்கும் வாய்ப்பு இது.

தடுப்பூசி ஏதேனும் போட்டுக்கொள்ள வேண்டுமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்றியமையாதது. இந்தியாவிலிருந்து செல்லும்போது இதை அங்கே யாரும் கேட்காமல் இருக்கலாம். சிக்கல் திரும்பி வரும்போதுதான் எழும். மஞ்சள் காய்ச்சல் பரவும் இடங்களின் பட்டியலில் டிரினிடாட் தீவை இந்திய அரசு சேர்த்திருப்பதால், செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து வந்து இறங்குவோரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்ட பத்து நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை என்பதால் ஒரு மாதம் முன்னதாகவே நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். டெங்குவும் அங்கே உண்டு. கொசு விரட்டிக் களிம்பு பையில் இருக்கட்டும்.

எங்கே தங்குவது?

வுட்புரூக், நியூடவுன், செயின்ட் கிளேர், செயின்ட் ஆன்ஸ் ஆகிய பகுதிகளில் தங்கினால், சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும் நாட்களிலும் நடந்தே சவானாவுக்குச் செல்லலாம். விழா வாரத்தில் அறை வாடகை பல மடங்கு உயர்கிறது. ஐந்து அல்லது ஆறு இரவுகளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல விடுதிகளில் உண்டு. முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அறையை உறுதி செய்துகொள்ளுங்கள். குடும்பங்கள் வாடகைக்கு விடும் வீட்டு அறைகள் மலிவானவை என்பதோடு, எந்தத் தெருவில் எப்போது நடக்கலாம் என்று சொல்ல வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார் என்பது பெரிய நன்மை.

நகருக்குள் எப்படிப் போய்வருவது?

வாகனங்கள் நம் ஊரைப் போல் இடப்பக்கமே செல்கின்றன. வாடகைக் கார்களின் பதிவெண் ‘எச்’ எழுத்தில் தொடங்கும், சொந்தக் கார்களுடையது ‘பி’ எழுத்தில் தொடங்கும். ‘பி’ எண் வண்டி நிறுத்திக் கூப்பிட்டால் ஏற வேண்டாம். மேக்சி டாக்சி எனப்படும் சிற்றுந்துகளின் வண்ணப் பட்டை அவை செல்லும் பகுதியைக் காட்டும்: மஞ்சள் என்றால் நகரும் மேற்குப் பகுதியும், சிவப்பு என்றால் கிழக்கு வழித்தடம். கார்னிவல் இரு நாட்களில் நகர மையத்தில் காலே வாகனம்.

பாதுகாப்பு நிலைமை எப்படி?

இதை மறைக்கக் கூடாது. நாட்டில் துப்பாக்கிக் குற்றங்கள் மிகுந்திருக்கின்றன. 2024 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்ட அவசர நிலை நடைமுறையில் இருக்கும்போதே 2025-ஆம் ஆண்டின் கார்னிவல் நடைபெற்றது. குற்றங்களில் பெரும்பாலானவை உள்ளூர்க் குழு மோதல்களால் நிகழ்பவை என்றாலும், வெளியூரார் கவனமாக இருக்கத்தான் வேண்டும். லாவன்டில், சீ லாட்ஸ், பீதம் ஆகிய பகுதிகளுக்குத் தெரிந்தவர் துணையின்றிச் செல்ல வேண்டாம். எஃகு மேளம் வளர்ந்த மலைச்சரிவு லாவன்டில் என்பதால் அதைப் பார்க்கும் ஆவல் இயல்பானது. உள்ளூர் வழிகாட்டியுடன் பகலில் சென்று வாருங்கள். கூட்டம் கலைந்த சவானாவில் இருட்டியபின் நடக்க வேண்டாம். நகையை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 811 என்ற எண்களை அழைக்கலாம். இந்தியத் தூதரகமும் நகரிலேயே இருக்கிறது.

பெண்கள் பலர் கேட்பது நடனத்தைப் பற்றி. இடுப்பை அசைத்து இணைந்து ஆடும் ‘வைன்’ அங்கே வழக்கமான ஒன்று. ஆனால் அழைப்பை மறுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தலையசைத்து விலகினால் போதும். அதையும் மீறித் தொடுவது குற்றம் என்று அந்நாட்டுக் காவல்துறையே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். ‘பாரா’ எனப்படும் பொரித்த மெல்லிய ரொட்டிகள் இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு வைத்துத் தரும் ‘டபுள்ஸ்’தான் நகரத்தின் காலை உணவு; முழுச் சைவம், விலையும் மிகக் குறைவு. இந்திய வம்சாவளியினரின் கைப்பக்குவத்தில் 1930-களில் பிறந்த பண்டம் இது. மிளகாய்ச் சாறு எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார். ‘ஸ்லைட்’ என்று தொடங்குங்கள், அவர்களுடைய மிளகாய் நம் குண்டூர் மிளகாயைவிடக் காரமானது. பருப்புப் பூரணம் வைத்த தால்பூரி ரொட்டி, பருப்பு மாவில் பொரித்த சிறு உருண்டையான பொலோரி, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்துப் பொரித்த ஆலு பை ஆகியவையும் கிடைக்கும். கலலூ என்ற கீரைக் குழம்பில் நண்டோ பன்றி இறைச்சியோ சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

விழாவைத் தவிர, பழைய துறைமுக நகரில் எவற்றைப் பார்க்கலாம்?

ஒரு காலைப் பொழுதைச் சவானாவைச் சுற்றி நடப்பதற்கு ஒதுக்குங்கள். பெஷியே குடும்பத்தின் கரும்புத் தோட்டமாக இருந்த அந்த நிலத்தை 1817-இல் ஆளுநர் உட்ஃபோர்டு நகருக்காக வாங்கினார். அக்குடும்பத்தின் சிறு கல்லறைத் தோட்டம் மதில் சூழ இன்றும் திடலின் நடுவே இருக்கிறது. மேற்கு ஓரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. உட்ஃபோர்டு சதுக்கத்தின் எதிரே உள்ள சிவப்பு மாளிகை, குடிநீர்க் கட்டணச் சட்டத்தை எதிர்த்து 1903-இல் மூண்ட கலவரத்தில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டு, இன்று நாடாளுமன்றமாக விளங்குகிறது. ஸ்பானியர் கட்டிய சான் ஆந்த்ரேஸ் கோட்டை ஒருகாலத்தில் கடலுக்குள் நின்றது; கடலைத் தூர்த்து நகரம் வளர்ந்ததால் இப்போது சாலையோரத்தில் இருக்கிறது. துறைமுகம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தால் விளங்கும். மாலையில் 1804-இல் கட்டப்பட்ட ஜார்ஜ் கோட்டைக்கு ஏறினால் வளைகுடா முழுவதும் தெரியும்.

தமிழர்களுக்கு இந்நகரோடு தொடர்பு உண்டா?

உண்டு. 1845 மே 30 அன்று ஃபாடல் ரசாக் என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை டிரினிடாடில் கொண்டுவந்து சேர்த்தது. 1917 வரை ஏறத்தாழ 1,43,900 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்த போஜ்பூரி மக்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சிறுபான்மையினர். அவர்களை ‘மதராசி’ என்று அழைத்தார்கள். மொழி மறைந்துவிட்டாலும் காளி வழிபாட்டில் அவர்களின் சுவடு இன்னும் இருக்கிறது. நகரின் மேற்கே உள்ள செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பம்பாய், கல்கத்தா, டெல்லி, லக்னோ என்ற தெருப்பெயர்களுக்கு நடுவே மதராஸ் தெருவும் உண்டு. துறைமுகத்திற்கு அப்பால் தெரியும் நெல்சன் தீவில்தான் 1866 முதல் தொழிலாளர்களை இறக்கிச் சோதித்தார்கள். படகுச் சுற்றுலா கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

பெட்டியில் எதை வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது?

படைவீரர் சீருடை போன்ற பச்சைத் திட்டு வண்ணத் துணி எதுவும் கூடாது. தொப்பியானாலும் குழந்தையின் சட்டையானாலும் அங்கே அது சட்டப்படி குற்றம். மின்சாரம் 115 வோல்ட், செருகிகள் அமெரிக்க வகை. பிப்ரவரி வறட்சிக்காலம், நகரம் பொள்ளாச்சி இருக்கும் அதே அட்சரேகையில் இருப்பதால் வெயில் நமக்குப் பழகியதே, ஆனால் நிழலின்றி எட்டு மணி நேரம் நிற்பது பழகியதல்ல. தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

குழந்தைகளுடன் செல்லலாமா?

செல்லலாம். விழாக்காலத்தின் சனிக்கிழமைகளில் சிறுவர் கார்னிவல் ஊர்வலங்கள் பகலிலேயே நடக்கின்றன. ஒலிபெருக்கி வண்டிகளின் ஓசை மிக உரத்தது, காதடைப்பான் கட்டாயம். ஜுவேக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.

எந்த நாளில் திரும்புவது?

வியாழனுக்கு முன் வேண்டாம். சாம்பல் புதனன்று பியார்க்கோவில் நெரிசல் தாங்காது. விமானக் கட்டணமும் அன்றுதான் உச்சம். அந்த நாளை நகர மக்கள் கழிப்பதைப் போலவே கழியுங்கள்: காலையில் நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்ளத் தேவாலயங்களில் கூட்டம் நிற்கும், பின்னர் மலைப்பாதை வழியே வடக்குக் கரையின் மாரகாஸ் கடற்கரைக்குக் கார்கள் வரிசையாகச் செல்லும். அலை வலுவாக இருக்கும் கடற்கரை அது. கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டுமே நீந்துங்கள். இருட்டும் முன் மலையிறங்கி நகருக்குத் திரும்பிவிட்டால், மறுநாள் காலை விமானத்திற்கு அவசரமில்லாமல் கிளம்பலாம்.